கயிற்றை இழுக்கும் முன்

பேரிகையில் படகு ஏது என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓசூரிலிருந்து பாகலூர் வழியாகப் போகிற சாலையில், மாநில எல்லையை ஒட்டி இருக்கும் இந்த ஊரில் கடலும் இல்லை, படகுத்துறையும் இல்லை. ஏரியில் தண்ணீர் நின்றால் மீன் பிடிக்கப் பரிசல் இறங்கும், அதோடு சரி. ஆனால் படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டாருக்கும், இங்கே தக்காளித் தோட்டத்தில் முதுகில் மாட்டுகிற மருந்தடிக்கும் மெஷினுக்கும் வயிறு ஒன்றுதான். டேங்க், ட்யூப், ஃபில்டர், கார்புரேட்டர், பிளக் என்று பெட்ரோல் போகிற வழியும் ஒன்று. ஸ்டார்ட் ஆகாமல் படுத்துகிற விதமும் ஒன்று. அதைச் சுற்றி உலவும் நம்பிக்கைகளும் கடற்கரை முட்டத்தில் கேட்பவைதான் இங்கே முகளூரிலும் கேட்கின்றன.

படகு மோட்டாரும் இந்த மாவட்டத்துக்கு அந்நியம் இல்லை. ஃபெஞ்சல் புயல் கரையேறி வலுவிழந்த பிறகு, 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவானது. அங்கே சாலையோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை நாடே பார்த்தது. வறட்சிக்குப் பேர்போன ஒரு வட்டத்தில் திடீரென்று ரப்பர் படகு தேவைப்படும் நாள் அப்படித்தான் வரும். வருஷம் முழுக்க ஷெட்டில் நிற்கிற மோட்டார் அன்றைக்கு முதல் இழுப்பில் உயிர் பெற்றாக வேண்டும். ஓடித் தேய்ந்து கெடும் இஞ்சின் வேறு, சும்மா நின்று கெடும் இஞ்சின் வேறு. ஸ்டார்ட்டிங் தகராறு பெரும்பாலும் இரண்டாவது ரகத்துக்கு வருவது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதி நம்பிக்கைகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

"ஸ்டார்ட் ஆகலையா? பிளக்கை மாத்து."

மெக்கானிக் கடையில் நடக்கிற பேச்சு இது:

"அண்ணா, பிளக்கு புதுசு போட்டுட்டேன். அப்பவும் எடுக்கல. நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு."

"கடைசியா எப்பண்ணா ஓட்டினீங்க?"

"போன பயிருக்கு."

பிளக் விலை குறைவு, கழற்றுவதும் சுலபம். அதனால் குற்றம் எப்போதும் அதன் தலையில் விழுகிறது. உண்மையில் பிளக் நமக்குச் சாட்சி சொல்ல வருகிறது. சோக் போட்டு ஐந்தாறு முறை கயிற்றை இழுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றி மூக்கைப் பாருங்கள். எலும்பு போலக் காய்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்கே வந்து சேரவில்லை. புது பிளக் அல்ல, தங்க பிளக் போட்டாலும் பயன் இல்லை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது. ஸ்பார்க் இல்லை, அல்லது அளவுக்கு மீறி வந்து ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது. இந்த ஒரு சோதனை தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

நனைந்த பிளக்கோடு தொடர்ந்து கயிறு இழுப்பது தோள்பட்டைக்கு மட்டும்தான் வேலை. சோக்கை எடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றித் துடைத்து, துளையைத் திறந்து வைத்தபடி நாலு இழுப்பு இழுத்து உள்ளே நிற்கும் பெட்ரோலை வெளியேற்றிவிட்டுப் பிறகு மாட்ட வேண்டும். ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்கிறவர்கள் பிளக்கை அந்தத் துளைக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்ப்பதைப் பல இடங்களில் காணலாம். துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், பக்கத்தில் பொறி பறக்கும். பிளக்கின் உலோகப் பகுதி இஞ்சின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் துளையிலிருந்து தள்ளி, வேறு மூலையில்.

இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. அவுட்போர்டில் சிவப்புக் கயிறு கட்டிய ஒரு கிளிப் இருக்கும். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் மோட்டார் நிற்பதற்காக வைத்தது. அது இடத்தில் இல்லையென்றால் ஸ்பார்க்கே வராது. கியர் நியூட்ரலில் இல்லையென்றால் பல மோட்டார்களில் கயிறே அசையாது. மருந்தடிக்கும் மெஷினில் இதற்குப் பங்காளி, ஆஃபில் கிடக்கும் அந்தச் சின்ன சுவிட்ச். இதைக் கவனிக்காமல் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

"ட்யூப்ல கசிவே இல்ல. அப்ப லைன் நல்லாத்தான் இருக்கு."

கேட்கும்போது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் தவறு, அதுவும் அதிகம் பேரை அலைக்கழிக்கும் தவறு. படகு மோட்டாரில் டேங்க் கீழே இருக்கும், மோட்டார் மேலே இருக்கும். பம்ப் பெட்ரோலை உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சுகிற ட்யூபில் ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தாது; இஞ்சின் மட்டும் இருமிக்கொண்டே நிற்கும். சந்தேகப்பட வேண்டியது ட்யூபை மட்டுமல்ல, அதன் முனையில் உள்ள கனெக்டரையும்தான். உள்ளே மோதிரம் மாதிரி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். வெயிலில் காய்ந்து வெடித்துப்போன அந்த வளையம் பத்துப் பதினைந்து ரூபாய்ச் சமாசாரம். அதற்காக மோட்டாரையே இறக்கியவர்கள் உண்டு.

டேங்குக்கும் மோட்டாருக்கும் நடுவே முட்டை வடிவில் ஒரு ரப்பர் பல்பு இருக்கிறதே, அது பேசத் தெரிந்த உறுப்பு. அதன் மேல் அம்புக்குறி போட்டிருப்பார்கள், மோட்டார் பக்கம் காட்ட வேண்டும். ட்யூப் மாற்றும்போது திருப்பி மாட்டிவிட்டால் ஆயுசுக்கும் பெட்ரோல் ஏறாது. அமுக்கும்போது அம்பு வானத்தைப் பார்க்கும்படி நிமிர்த்திப் பிடித்தால் உள்ளே இருக்கும் வால்வுகள் ஒழுங்காக உட்காரும். கார்புரேட்டரில் பெட்ரோல் நிறைந்து, மிதவை மேலே எழுந்து ஊசி வழியை அடைத்ததும் பல்பு கல் போல இறுகும். அதுதான் போதும் என்பதற்கு அடையாளம்.

எத்தனை அமுக்கினாலும் இறுகவில்லையா? டேங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது வழியில் காற்று புகுகிறது, அல்லது கார்புரேட்டர் ஊசி அடைக்காமல் பெட்ரோல் வழிந்து ஓடுகிறது. கடைசியானதை மூக்கே சொல்லிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது பல்பு சப்பிப்போய் உள்ளே ஒட்டிக்கொண்டால் அடைப்பு டேங்க் பக்கம். அநேகமாக மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்திருப்பார்கள். ஸ்டார்ட் ஆகும், சில நிமிஷம் ஓடும், நிற்கும், கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும் என்று யாராவது சொன்னால் முதலில் அந்த மூடியைப் பாருங்கள். "பல்பை அமுக்கிக்கிட்டே இருந்தா ஓடுதுண்ணா, விட்டா நிக்குது" என்றால் பெட்ரோல் பம்பின் டயாபிரம் தளர்ந்துவிட்டது. உங்கள் கை அதன் வேலையைச் செய்கிறது. அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு ஆற்றின் நடுவுக்குப் போகக் கூடாது.

களை வெட்டும் மெஷினிலும் கண்ணாடி போன்ற சின்ன பல்பு ஒன்று இருக்கிறது. அது வேறு ஜாதி. அவுட்போர்டு பல்பு பெட்ரோலைத் தள்ளுகிறது. இந்தப் பல்பு கார்புரேட்டர் வழியாக இழுத்து, மிச்சத்தை டேங்குக்கே திருப்பி அனுப்புகிறது. ஆகவே இதைப் பத்து முறை அமுக்கினாலும் ஓவர்ஃப்ளோ ஆகாது. "ரெண்டு தடவைக்கு மேல அமுக்காதே" என்று தோட்டத்தில் சொல்வதில் பொருள் இல்லை.

"நம்ம பக்கம் பெட்ரோல்ல தண்ணி. மாலூர் பெட்ரோல்தான் சுத்தம்."

எல்லையோர ஊருக்கே உரிய நம்பிக்கை. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் இருக்கும் மாலூர்க்காரர்கள் இதைத் திருப்பிப் போட்டுச் சொல்வார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க ஒரே பிஎஸ்-6 தரம். இரு மாநிலத்துக்கும் விலை மாறுவது மாநில விற்பனை வரியால்; பெட்ரோலின் குணத்தால் அல்ல. ஒரு பங்க் மேல் சந்தேகம் வந்தால் ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டுக் காட்டச் சொல்லிக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. கேட்பவர்கள்தான் குறைவு.

ஆனால் தண்ணீர் என்ற புகாரில் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில் பிரதமர் தொடங்கிவைத்தார். இன்று பங்கில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் பிரியம் அதிகம். காற்றில் உள்ள ஈரத்தைக்கூட இழுக்கும். 10 சதவீதக் கலவை ஒரு லிட்டருக்குச் சுமார் 5 மில்லி தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 20 சதவீதக் கலவை அதைவிடக் கூடத் தாங்கும். தாங்கும் எல்லையைத் தாண்டியதும் ஒரே அடியாகப் பிரிகிறது. எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். குளிர் கூடினால் தாங்கும் அளவும் குறையும். ஓசூர் பக்கத்து மார்கழி விடியற்காலையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

டேங்கின் உறிஞ்சு குழாய் எங்கே இருக்கிறது? அடியில். ஆக, முதலில் இஞ்சினுக்குப் போவது அந்தத் தண்ணீர்க் கலவைதான். டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் இது இரட்டை ஆபத்து. பெட்ரோலில் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். கீழே போவதில் ஆயில் கிடையாது. ஸ்டார்ட் ஆகாவிட்டால் பிழைத்தோம். தப்பித்தவறி ஆகிவிட்டால் பிஸ்டன் உலர்ந்து ஓடும்.

பங்கைத் திட்டுவதற்கு முன் வீட்டில் ஒரு வேலை செய்யலாம். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைச் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, அடுப்பும் பூஜை விளக்கும் இல்லாத இடத்தில் ராத்திரி முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் அந்த டேங்க் பெட்ரோல் எதற்கும் ஆகாது. குலுக்கி மறுபடி கலந்துவிடலாம் என்பது நடக்காத காரியம். பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தொங்கவிட்ட பெட்ரோலை வாங்குகிறவர்கள், அந்தப் பாட்டில் உள்ளே எவ்வளவு காய்ந்திருந்தது என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும்.

அவுட்போர்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. யமஹா, சுசுகி, மெர்குரி போன்ற கம்பெனிகளின் கையேடுகள் பொதுவாக 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதிக்கின்றன. நம் பங்கில் வருவது அதற்கு இரட்டிப்பு. பழைய மோட்டாரின் ரப்பர் ட்யூப், டயாபிரம், ஓரிங் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுவதும், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றை லைனில் போடுவதும் செலவுதான். ஆனால் இந்தச் செலவைத் தள்ளிப்போட இப்போது வழியில்லை.

"ரெண்டு மூடி ஆயில் கூட ஊத்து, இஞ்சினுக்கு நல்லது."

ஓசூர் ஆலையிலிருந்து 1980-ல் டிவிஎஸ் 50 வந்த நாளிலிருந்து இந்த வட்டாரத்துக்கு 2டி ஆயில் பழக்கம். பங்கில் ஆயில் பீப்பாய் மேல் உள்ள கைப்பம்பை அழுத்தி டேங்கில் விட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்தத் தலைமுறையின் கை தாராளமானது. கையேட்டில் 50-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. அதற்கு மேல் ஊற்றினால் பிளக்கில் கரி படியும், சைலன்சர் துளை அடைபடும், காலையில் கயிறு கனக்கும். கலவையில் ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது என்பதும் கவனத்துக்கு வருவதில்லை.

எந்த ஆயில் என்பதும் முக்கியம். தண்ணீரால் குளிரும் அவுட்போர்டுக்கு டிசி-டபிள்யூ3 என்று எழுதிய ஆயில்; சாம்பல் விடாத வகை. காற்றால் குளிரும் மருந்து மெஷினுக்கு அதிகச் சூட்டைத் தாங்கும் 2டி ஆயில். ஒன்றுக்கு வாங்கியதை மற்றதற்கு ஊற்றக் கூடாது. ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டில் பெட்ரோலோடு ஆயிலே கலக்கக் கூடாது. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கும் ஆச்சரியம்தான்.

"கடல்ல மண்ணெண்ணெயிலயே ஓட்டுறாங்களே?"

ஓட்டுகிறார்கள், உண்மை. கன்னியாகுமரிக் கரையில் 1980-களில் கட்டுமரத்தின் இடத்தைப் பிளைவுட் வள்ளங்கள் பிடிக்கத் தொடங்கியபோது அவுட்போர்டும் கூடவே வந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்கள் தமிழகத்திலும் கேரளத்திலும் பரவின. ஆனால் அவை அதற்கென்றே குறைந்த அழுத்தத்தில் செய்யப்பட்டவை. அந்தக் கரை மீனவர் செய்வதை முழுசாகப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்வார், இஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார், நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு வருவார். கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிட்டால் மறுநாள் விடியலில் எடுக்காது என்று அவருக்குத் தெரியும். பெட்ரோல் நம் ஊரின் எந்தக் குளிரிலும் தீப்பிடிக்கும் ஆவியைத் தரும். மண்ணெண்ணெய்க்கு அதற்கு 35 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பேரிகையில் அதிகாலை மருந்தடிக்கப் போகிறவர் பெட்ரோலில் கால் பங்கு மண்ணெண்ணெய் கலந்து மிச்சம் பிடித்தால், மிச்சம் பிடித்தது மெக்கானிக்குக்குப் போகும்.

"ஓட்டாம பத்திரமா வெச்சிருந்தோம். எப்படிக் கெடும்?"

பத்திரமாக வைத்ததால்தான் கெட்டது. பெட்ரோல் ஒரே பொருள் அல்ல, பலவற்றின் கலவை. அதில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த இஞ்சினைப் பற்றவைக்கிறது. சில மாதம் நின்றால் முதலில் பறந்துபோவதும் அதுதான். மிஞ்சியது புளித்த வார்னிஷ் வாடை அடிக்கும். கார்புரேட்டர் கப்பின் அடியில் பழுப்புநிறப் பிசினாகப் படியும். ஜெட்டின் துளை ஊசிமுனை அளவு. அதை அடைக்க அந்தப் பிசினில் ஒரு துணுக்கு போதும். "சோக் போட்டா ஓடுது, எடுத்தா நிக்குது" என்பது அடைந்த ஜெட்டின் கையெழுத்து. அதைக் கம்பியால் குத்தக் கூடாது. துளை பெரிதானால் பிறகு அளவு கெட்டுவிடும். கார்ப் கிளீனர் ஸ்பிரேயும் காற்றும் போதும்.

பயிர் முடிந்து மெஷினை மூலையில் வைக்கும் நாளில் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓடவிட வேண்டும். கார்புரேட்டர் கப்பின் அடியில் வடிகால் திருகு இருந்தால் அதையும் திறந்துவிடலாம். வெள்ளத்துக்காகக் காத்திருக்கும் அவுட்போர்டுக்கு இது போதாது, ஏனென்றால் அது எந்த நாளிலும் எழ வேண்டியது. மாதம் ஒருமுறை புதுப் பெட்ரோலில் ஓட்டிவிட்டு, லைனைக் கழற்றி, கார்புரேட்டரில் உள்ளதை எரித்து முடித்து நிறுத்துவதுதான் வழி.

"ஒரு நிமிஷம்தானே, தண்ணி இல்லாம ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம்."

கூடாது. மோட்டாரின் அடிப்பகுதியில் தண்ணீர் இழுக்கும் ரப்பர் சக்கரம் இருக்கிறது. அதற்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி, தண்ணீர்தான் வழுக்கல். வறண்டு சுற்றினால் நொடிகளில் கருகத் தொடங்கும். 200 லிட்டர் நீல டிரம் ஒன்றின் வாயை வெட்டி, மோட்டாரை ஒரு உறுதியான மரச்சட்டத்தில் மாட்டி, புரொப்பல்லருக்கு மேலே உள்ள தட்டு மூழ்கும் வரை தண்ணீர் நிரப்பி, நியூட்ரலிலேயே ஓட்டிப் பார்க்கலாம். பின்பக்கத்துச் சிறு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் குளிர்ச்சி சரி. பீய்ச்சாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும்.

"வாயில உறிஞ்சினா ட்யூப் அடைப்பு போயிடும்."

பெட்ரோல் வயிற்றுக்குள் போவதைவிட மூச்சுக்குழாயில் ஒரு வாய் இறங்குவதுதான் பயங்கரம். நுரையீரல் வெந்துபோகும். விழுங்கிவிட்டவரை வாந்தி எடுக்கவைத்தால் அது திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போகும் வாய்ப்பு கூடும். வாந்தி எடுக்கவைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உறிஞ்சி எடுக்கக் கைப்பம்ப் கடையில் கிடைக்கிறது.

"கடற்கரை இஞ்சின் நம்ம மேட்டுல எடுக்காது."

நாகப்பட்டினத்திலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ பழைய மோட்டார் வாங்கி வருகிறவர்களிடம் சொல்லப்படுவது. ஓசூர் வட்டாரம் கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் சுமாரில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அதே ஜெட்டில் கலவை கொஞ்சம் செறிவாகும், முழு வேகத்தில் இழுப்பு அந்த அளவுக்குக் குறையும், பிளக் சற்றுக் கறுக்கும். ஸ்டார்ட் ஆவதற்கு இது தடை அல்ல. அங்கே எடுத்து இங்கே எடுக்கவில்லை என்றால், லாரியில் படுக்கவைத்து வந்த ராத்திரியில் டேங்கின் அடி அழுக்கு கலங்கி ஃபில்டரில் ஏறியிருக்கும். முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள்.